எழுத்தெழுத்தாகப் படி

"அப்படியே படி புஷ்பா. நீயா சுருக்காத" என்றான் சுப்பையா.

புஷ்பவள்ளி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கணினித் திரையின் பக்கம் குனிந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன.

"எரர். ஃபெயில்ட் டிபென்டன்சீஸ். அப்புறம் எல், ஐ, பி, சி. புள்ளி. எஸ், ஓ. புள்ளி. ஆறு. இஸ் நீடட் பை... அந்தப் பேசுற ப்ரோக்ராம் பேரு."

"ஆறா? அஞ்சு இல்லையே?"

"ஆறுதாங்க. எனக்கு அஞ்சும் ஆறும் கூடவா தெரியாது?"

சுப்பையா விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முகம் திரைக்கு நேராக இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண் போன பிறகு வந்த பழக்கம் அது.

பாயான் லெபாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் அவன். அங்கே இருந்த இயந்திரங்களெல்லாம் யூனிக்ஸில் ஓடின. படம் கிடையாது, மவுஸ் என்கிற எலி கிடையாது; கட்டளையைத் தட்டினால் பதில் வரும். வருடக்கணக்காகத் தட்டித் தட்டி அந்தக் கட்டளைகள் அவன் விரல்களில் ஊறிப்போயிருந்தன. சர்க்கரை வியாதி முதலில் இடது கண்ணை வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தும் வலது கண்ணையும் காப்பாற்ற முடியவில்லை. வேலையை விட்டு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்த பிறகு, நாளிதழ், மருந்துச் சீட்டு, தண்ணீர் பில் என்று அவன் படிக்க வேண்டிய எல்லாவற்றையும் புஷ்பவள்ளிதான் படித்துச் சொன்னாள். காலையில் லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் படிக்கும் வேலை.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. ஈப்போவில் பார்வையில்லாத வக்கீல் ஒருவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, தன் பழையதைத் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். தடிமனான புத்தகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கணினியின் பின்புறம் செருகிவிட்டால் திரையில் வரும் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் என்றார்கள். ஆனால் அதற்கு எழுத்தை எடுத்துக் கொடுக்க ஒரு ப்ரோக்ராம் வேண்டும்.

"விண்டோஸ்ல படத்தைப் பாத்து அமுக்குன்னு சொல்லுது. எந்தப் படத்தை நான் பாக்கிறது? எனக்கு லினக்ஸ்தான் சரி" என்று சொல்லிவிட்டான் சுப்பையா. கொம்தார் கட்டடத்தில் ஒரு புத்தகக் கடையில், பின் அட்டையில் சிடி ஒட்டிய பெரிய புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார்கள். கணினி கேட்ட கேள்விகளை அவள் படிக்க, அவன் பதிலைத் தட்ட, லினக்ஸ் ஏறிவிட்டது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை அதற்குப் பிறகுதான் வந்தது. பேசும் ப்ரோக்ராம் அந்த சிடியில் இல்லை. சுப்பையாவோடு வேலை பார்த்த மஹ்பூபா, தொழிற்சாலை இன்டர்நெட்டிலிருந்து அதைப் பிளாப்பி தட்டில் இறக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அது ஒரு பேக்கேஜ். உள்ளே குடியேறுவதற்கு முன் தனக்கு இன்னது வேண்டும் என்று கேட்கும். அது கேட்டது அந்த ஆறாம் நம்பர் லைப்ரரியை, எல்லாப் ப்ரோக்ராமும் சாய்ந்து நிற்கும் அடிப்படைக் கோப்பை. இவர்களுடைய சிடி கொஞ்சம் பழசு. அதில் இருந்தது ஐந்தாம் நம்பர்.

மஹ்பூபா ஆறையும் கொண்டுவந்தாள். ஆறு தன் பங்குக்கு இன்னொன்றைக் கேட்டது. அதையும் கொண்டுவந்தால் அது மற்றொன்றைக் கேட்டது.

"என்னாங்க இது, கல்யாணத்துக்குக் கூப்பிட்டா சொந்தக்காரன் எல்லாத்தையும் கூட்டிட்டு வர்ற மாதிரி" என்றாள் புஷ்பவள்ளி.

சுப்பையா சிரிக்கவில்லை. முந்தைய நாள் அவள் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்ததில் ஒரு சாயங்காலம் வீணாகியிருந்தது. புள்ளியும் கோடும் முக்கியமில்லை என்று நினைத்துவிட்டாள். "பாக்கிறதை எல்லாம் படிக்கணும்னு எத்தனை தடவ சொல்றது?" என்று அவன் கேட்டது இன்னும் அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"போர்ஸ் பண்ணப் போறேன்."

"அப்படின்னா?"

"யாரு என்ன கேட்டாலும் காதுல வாங்காம உள்ள போன்னு சொல்றது."

அவன் தட்டினான். திரையில் ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் வந்தன, அவள் படித்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு எல்லாம் அடங்கி, அடுத்த கட்டளைக்காகத் திரை காத்து நின்றது. அவன் கோப்புகளைக் காட்டச் சொல்லும் மிகச் சின்னக் கட்டளை ஒன்றைத் தட்டினான்.

"கான்ட் லோட் லைப்ரரி" என்று படித்தாள்.

வேறொன்றைத் தட்டினான்.

"அதேதான் வருது."

இன்னொன்று.

"அதேதாங்க."

சுப்பையா விரல்களை எடுத்துத் தொடையின் மேல் வைத்துக்கொண்டான். வெளியே தாழ்வாரத்தில் யாரோ துணி காயப்போடும் சத்தம் கேட்டது. வீடு நிற்கும்போதே அஸ்திவாரத்தை உருவிவிட்ட மாதிரி என்று பிற்பாடு அவளிடம் சொன்னான். அந்த நேரத்தில் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"ரோசாக்."

"எது கெட்டுப்போச்சு?"

"எல்லாமே. மறுபடியும் முதல்லேருந்து போடணும்." விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, "வேணாம் புஷ்பா. விட்டுடலாம். நீயும் எவ்வளவுதான் படிப்ப" என்றான்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் நெஞ்சில் இருந்தது வாய்க்கு வந்தது. அங்கிருந்தபடியே கேட்டாள்.

"நான் படிக்கிறது உங்களுக்குப் புடிக்கலையா?"

"என்னா பேச்சு இது?"

"இல்ல, இந்தப் பெட்டிக்கு இவ்வளவு பாடுபடுறீங்களே. நான் தப்புத் தப்பா படிக்கிறேன்னுதானே?"

அவன் சுவரைத் தடவிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். அவன் வார்த்தை தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீ படிச்சா நல்லாத்தான் இருக்கு. ஆனா புஷ்பா, எனக்கு என்ன தெரியுமோ அது எல்லாமே உனக்கும் தெரியும். எனக்கு ஒரு கூட்டாளி கடுதாசி போட்டா அதை முதல்ல நீ பாக்கிற. டாக்டர் என்னைப் பத்தி எழுதினதை நீ பாத்துட்டு, மெதுவாத்தான் எனக்குச் சொல்ற. மெதுவா சொல்றன்னு எனக்குத் தெரியும்லா. நானா ஒண்ணைப் படிக்கணும். நல்லதோ கெட்டதோ, நான் முதல்ல தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

புஷ்பவள்ளி அடுப்பைக் குறைத்தாள். டாக்டர் விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. சீட்டைப் படிக்கும்போது இரண்டு வார்த்தையை விழுங்கியிருந்தாள். சிறுநீரகத்தைப் பற்றிய வார்த்தைகள். கண்ணில்லாதவனுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று இப்போது புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, எதுவோ இறங்கிவிட்ட மாதிரி லேசாகவும் இருந்தது.

"சீட்டு அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வந்து முழுசா படிக்கட்டுமா?" என்றாள்.

"படி."

அன்று தேநீர் ஆறிப்போகும் வரை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். அவன் இரண்டு இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னான். பிறகு, "சரி, உப்பைக் குறைக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஹ்பூபா வந்தபோது கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாள். சுப்பையாவின் தொல்லையை விளக்கி இன்டர்நெட்டில் ஒரு குழுவுக்கு எழுதிப் போட்டிருந்தாளாம். முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கிருந்தோ பதில் எழுதியிருந்தார்.

"அண்ணே, நல்லா ஏசியிருக்கான்" என்று சிரித்தாள் மஹ்பூபா. "போர்ஸ் பண்ணாதேன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கான்."

"அக்காகிட்ட குடு. அவ படிக்கட்டும்" என்றான் சுப்பையா.

புஷ்பவள்ளி புள்ளி, கோடு எதையும் விடாமல் படித்தாள். சங்கதி இதுதான்: பழைய வீட்டில் புது லைப்ரரியைத் திணிக்க வேண்டாம். தயாராகக் கிடைக்கும் பேக்கேஜை விட்டுவிட்டு, ப்ரோக்ராமை எழுதிய மூலத்தையே எடுத்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தால் அது உங்களிடம் உள்ள ஐந்தோடு ஒத்துப்போகும்.

"ரெடிமேட் ரவிக்கை சேரலன்னா துணி எடுத்துத் தைக்கிறோமே, அது மாதிரியா?" என்று கேட்டாள்.

"அதேதான். எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்" என்றான் அவன். அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வேலை தெரிந்தவனின் களை வந்தது.

மறுபடியும் சிடியைப் போட்டு முதலிலிருந்து ஏற்றினார்கள். போன தடவை இடம் அடைக்கும் என்று வேண்டாம் என்ற கம்பைலரை இந்தத் தடவை எடுத்துக்கொண்டார்கள். மஹ்பூபா கொண்டுவந்த மூலத்தைத் தட்டிலிருந்து இறக்கி, சுப்பையா கம்பைல் செய்யச் சொல்லி 'மேக்' என்று தட்டினான்.

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்."

"மேக் இல்லையா? அதுவே தனி பேக்கேஜா! சிடியில இருக்கும், பாக்கலாம்" என்றான். இருந்தது. அது யாரையும் துணைக்குக் கேட்காமல் ஒரே தடவையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு திரையில் வரிகள் மழை மாதிரி கொட்டத் தொடங்கின. முதலில் எல்லாவற்றையும் படிக்கப் பார்த்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"விடு, விடு. எரர்னு வந்தா மட்டும் சொல்லு."

பழைய கணினி. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மஹ்பூபா வாங்கிவந்த கறிபாப் பலகாரத்தைப் பிய்த்துத் தின்றபடி, எந்த மேனேஜர் யாரோடு சண்டை போட்டார் என்று தொழிற்சாலைக் கதைகளைச் சொன்னாள். சுப்பையா கேட்டுக் கேட்டுச் சிரித்தான். புஷ்பவள்ளி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் வரிகள் நின்றன. எரர் என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை.

ஆனால் பெட்டி பேசவில்லை.

சுப்பையா ப்ரோக்ராமை ஓட்டினான். பெட்டி ஊமையாக இருந்தது. பின்னால் கையை விட்டு ஒயரைத் தடவிப் பார்த்தான், சரியாகத்தான் இருந்தது.

"என்னா வருது?"

"டிவைஸ் பிசி."

"பிசியா? அந்த வழியில வேற யாரு உட்கார்ந்திருக்கா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலை வரவழைத்தான். அவள் மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். ஜி, பி, எம் என்று படித்ததும் கையைத் தூக்கினான்.

"நில்லு. அது எலிக்கு உள்ளது. எலியை யாரு போட்டது?"

புஷ்பவள்ளிக்கு நினைவு வந்தது. "ஏத்தும்போது எலி இருக்கான்னு கேட்டுச்சு. மேசை மேல இருந்துச்சு, நான் ஆமான்னு சொல்லச் சொன்னேன். பின்னால ரெண்டு ஓட்டை இருந்துச்சே, முதல் ஓட்டைன்னு சொன்னேன்."

பெட்டி அந்த முதல் ஓட்டையில்தான் செருகியிருந்தது. செருகாத எலிக்காக அந்த வழியை யாரோ காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கோபப்படுவான் என்று அவள் நினைத்தாள். அவனோ வாய்விட்டுச் சிரித்தான்.

"குருடனுக்கு எலி எதுக்குலா? எடுத்துடு அந்த பேக்கேஜை."

ஒரே கட்டளையில் எலி போய்விட்டது. மறுபடி ப்ரோக்ராமை ஓட்டினான். பெட்டிக்குள்ளிருந்து தொண்டையைக் கனைப்பது போல ஒரு கரகரப்பு வந்தது. அடுத்த நொடி, மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரலில், திரையில் இருந்ததை அது அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது.

மஹ்பூபா கை தட்டினாள். சுப்பையா அசையவே இல்லை. மெதுவாக ஒரு விசையைத் தட்டினான். அது அந்த எழுத்தைச் சொன்னது. இன்னொன்று; அதையும் சொன்னது. அவன் அவளுடைய பெயரை எழுத்துக் கூட்டித் தட்டி, படிக்கச் சொன்னான். "பஷ்பவாலி" என்றது பெட்டி.

"அய்யோ, என் பேரைக் கொன்னுருச்சு!" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் எந்நேரமும் அந்தக் குரல்தான். சுப்பையா ஒரு மோடம் வாங்கி, தொலைபேசிக் கம்பியில் மாட்டி, தன் கடிதங்களைத் தானே இறக்கிப் படிக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பதில் எழுதிய அந்த முகம் தெரியாத மனிதருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போட்டான். அவன் தட்டும்போது புஷ்பவள்ளி பக்கத்தில் போகவில்லை. என்ன எழுதினான் என்று கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பது முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. கை தானாகக் கண்ணாடியைத் தேடும். பிறகு, வேலை விட்டு வந்த மத்தியானத்தில் ஒரு மணி நேரம் சும்மா படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தெரிந்தது. அப்படிப் படுத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

டுரியான் பருவம் வந்தது. மஹ்பூபாவின் கணவன் வீட்டாருக்கு பாலிக் புலாவில் தோட்டம் இருந்தது. "அக்கா, சனிக்கிழமை காடியில போலாம், வாங்க" என்று கூப்பிட்டாள். புஷ்பவள்ளி சுப்பையாவைப் பார்த்தாள்.

"போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்" என்றான், திரும்பாமலேயே.

மலைச்சாலையில் காரில் வளைந்து வளைந்து போய், மரத்தடியில் பலகை மேல் உட்கார்ந்து, வயிறு நிறைய டுரியான் தின்றுவிட்டு, அவள் வீடு திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. அவள் காலையில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைச் சுப்பையா தானே எடுத்துச் சாப்பிட்டு, தட்டையும் கழுவிவைத்திருந்தான்.

"வாசலுக்கு வரும்போதே மணக்குது. எத்தனை சுளை?" என்றான்.

"எண்ணலங்க." அவள் நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். "இன்னைக்கு பேப்பர்ல என்னா?"

சுப்பையா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டான். இன்டர்நெட்டில் படித்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். விலைவாசி, மழை, பட்டர்வொர்த் போகும் பாலத்தில் நெரிசல், எங்கேயோ ஒரு நாட்டில் தேர்தல். ஒரு இடத்தில் அவன் வேகமாகத் தாண்டிப் போவது போல அவளுக்குப் பட்டது.

"சுருக்காதீங்க. முழுசா சொல்லுங்க" என்றாள்.