பன்னிரண்டு மாத்திரையும் ஒரு மச்சானும்

செமேசாவின் முகத்தைக் கெடுத்தது அவன் மச்சான் அபோலோசியின் முழங்கால். அந்த முழங்காலை இந்த ஊர் நர்ஸாகப் பதினொரு வருடமாகப் பார்த்து வருகிறேன். யூரிக் ஆசிட் ஏறி, மாதத்தில் பாதி நாள் மடங்காது. அன்றைக்கென்று பார்த்து ஓடியது.

சர்ச்சுக்கு எதிர்த் திடலில், ஐம்பது தாண்டியவர்களெல்லாம் சேர்ந்து டச் ரக்பி ஆடினார்கள். தொட்டால் போதும், யாரும் யார் மேலும் விழக்கூடாது என்பதுதான் அந்த ஆட்டம். அபோலோசி விழுந்தான். முழங்கால் செமேசாவின் இடது காதுக்குப் பின்னால் இறங்கியது. இரண்டு பேரும் எழுந்து, சிரித்துக்கொண்டே கவா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் செமேசாவின் முகத்தில் இடது பாதி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கண் மூடவில்லை. வாய் கோணிக்கொண்டது. குடித்த தேநீர் சட்டைக்குப் போனது.

தீவு ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். நரம்பு அறுந்திருந்தால் அடிபட்ட நிமிஷமே முகம் விழுந்திருக்கும். இது இரண்டு நாள் கழித்து விழுந்ததால், எலும்புக்குள்ளே நரம்பு வீங்கி நெரிபடுகிறது என்றுதான் தோன்றுகிறது. வீக்கம் வடிய ஸ்டீராய்டு. தினமும் காலையில் சாப்பிட்டபின் பன்னிரண்டு சின்ன வெள்ளை மாத்திரை, ஏழு நாளைக்கு. பிறகு நாளுக்கு இரண்டாகக் குறைத்து நிறுத்த வேண்டும். மொத்தம் நூற்றுப்பதினாலு. கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமைக்குப் பிளாஸ்டர். "முகம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆனா ஒரு வேளைகூடத் தவறக் கூடாது" என்றார்.

செமேசாவுக்கு அழகைப் பற்றிக் கவலை இல்லை, அது எப்போதுமே சுமார்தான். அவன் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் தலைவன். பத்தொன்பது வருடமாகக் கோல் அவன் கையில். கோல் சும்மா பேருக்கு, குழுவை இழுப்பது அவன் புருவம். வலது புருவம் ஏறினால் பெண்கள் பாட்டை எடுப்பார்கள், இடது ஏறினால் ஆண்கள் எடுப்பார்கள். ஆகஸ்டில் தலைநகர் சுவாவில் பெரிய போட்டி. ஜூன் கடைசிக்குள் முகம் தேறாவிட்டால் கோலை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவன் யாரோடும் பேசவில்லை. ஆறடி ஆள் அப்படி மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை அபோலோசி மேட்டுப் பாதையில் குதித்து வந்தான். கையில் தடி இல்லை. பின்னாலேயே, வருடக்கணக்காகக் காலை இழுத்து நடக்கும் இரண்டு கிழவர்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி வந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, ஸ்டீராய்டு மூட்டு வீக்கத்தையும்தான் வடிக்கும். நேராகச் செமேசா வீட்டுக்குப் போய் மாத்திரை வைத்திருந்த மைலோ டின்னைக் கொட்டி எண்ணினேன். அறுபத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று.

"மீதி எங்க?"

செமேசா கூரையைப் பார்த்தான். அவன் மனைவி கெலேராதான் சொன்னாள். "மச்சான் வந்து கேட்டாரு சிஸ்டர். கால் வலின்னாரு. இவர் புருவத்தைத் தூக்கிட்டாரு. அப்புறம் மத்தவங்களும் வந்தாங்க."

எங்கள் பக்கம் 'சரி' என்று வாயால் சொல்லி யாரும் சக்தியை வீணாக்குவதில்லை. புருவம் ஏறினால் சரி. உறவுக்காரன் வந்து கேட்டால் ஏறாமல் இருக்கவும் கூடாது, அதுவும் மச்சான் கேட்டால்! நல்ல புருவம் ஒன்றுதான் மிச்சம். அதையும் வைத்து இந்த மனுஷன் தன் முகத்தையே பங்குபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அறிவிருக்கா உனக்கு? இது பலகாரமா, ஆளுக்கு ரெண்டுன்னு குடுக்க?"

"மச்சான் கேட்டா எப்படி சிஸ்டர் இல்லைங்கிறது?" என்றான், பாதி வாயால்.

கத்திப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. நானும் இதே நாட்டில் பிறந்தவள்தானே. கையை நீட்டினேன். "செமேசா, அந்த டின்னை எனக்குக் குடு. எனக்கு வேணும்."

யோசிப்பதற்குள் வலது புருவம் ஏறிவிட்டது. டின் என்னுடையதாகிவிட்டது. நான் தூரத்து லாவு தீவுக்காரி. இந்த ஊரில் எனக்கு மச்சானும் கிடையாது, மாமாவும் கிடையாது. என்னிடம் எவன் வந்து கேட்பான்? அன்றிலிருந்து செமேசா தினமும் என் முன்னால் வந்து பன்னிரண்டையும் விழுங்கிவிட்டுப் போனான். குறைந்த இருபத்தைந்தை வாங்கிவர அபோலோசியையே படகில் அனுப்பினேன், எங்கே போயின என்று டாக்டரிடம் அவனே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. திரும்பி வந்தவன் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டு வந்த வழியே நடையைக் கட்டினான். நாலு நாளில் அவன் முழங்கால் பழையபடி வீங்கியது. எனக்குப் பரிதாபமே வரவில்லை.

மாத்திரை தீர்ந்தது. முகம் அசையவில்லை. நரம்பு மெதுவாகத்தான் தேறும், அதுவரை தசைக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கண்ணாடி முன்னால உக்காந்து தினம் இருபது தடவை புருவத்தைத் தூக்கிப் பழகு" என்று செமேசாவிடம் சொன்னேன். அவன் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வீட்டு மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த அபோலோசி, ஒன்றும் காதில் விழாதவன் மாதிரி தின்றுகொண்டே இருந்தான்.

மறுநாளிலிருந்து அவனுக்கு ஆசைப் பேய் பிடித்தது.

"மச்சான், அந்த வெட்டுக்கத்தி வேணும்." புருவம் ஏறியது. "அந்தச் சட்டி?" ஏறியது. "மூடியும் சேத்துத்தானே?" ஏறியது. "ரெண்டு பாய்?" ஏறியது. காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை வந்தான். விளக்கு போனது, வலை போனது, ரேடியோ போனது, கெலேராவின் சிவப்புப் பெட்டைக்கோழி போனது. அபோலோசி வீடு கடை மாதிரி நிறைந்தது. செமேசா வீட்டில் பேசினால் எதிரொலி கேட்டது.

கெலேராவால் தடுக்கவும் முடியாது. அபோலோசி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வளர்ந்தபின் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. அவள் என்னிடம் வந்து அழுதாள். "நீங்களாவது கேளுங்க சிஸ்டர். உட்கார ஒரே ஒரு பாய்தான் இருக்கு."

கேட்டேன். "டேய், உன் முழங்காலால அவன் முகம் போச்சு. மிச்சம் இருக்கறதையும் ஏன்டா உருவுற? நீ மனுஷனா, திருடனா?"

அபோலோசி பல்லைக் காட்டினான். "அவன் தூக்குறான், நான் எடுக்கிறேன். உங்களுக்கென்ன சிஸ்டர்?"

அவன் கன்னத்தில் ஒன்று விடத்தான் நினைத்தேன். இன்னொரு நரம்பு கெடுமே என்று விட்டேன்.

ஜூன் கடைசி சனிக்கிழமை. திங்களன்று பெரியவர்கள் கூடுகிறார்கள். நான் செமேசாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது அபோலோசி நொண்டிக்கொண்டு வந்தான். சுற்றிலும் பார்த்தான். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.

"சுவர் இருக்கு மச்சான், பேத்துக்கிட்டுப் போறியா?" என்றான் செமேசா. பல நாளுக்குப் பிறகு அவன் செய்த முதல் கேலி அது.

அபோலோசி சிரிக்கவில்லை. மச்சான்மார் ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டலாம். உருக்கமாக மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவன் அந்த ஒரே பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே பேசினான்.

"மச்சான்... அன்னைக்கு அந்த முழங்கால். வேணும்னு செய்யலடா. மாத்திரையையும் தெரியாமத்தான் தின்னேன். என்னை மன்னிப்பியா?"

வலது புருவம் ஏறியது. அதன் பின்னாலேயே இடது புருவம், நகக்கண் அளவுக்கு, நடுங்கிக்கொண்டே ஏறியது.

என் கையிலிருந்த மருந்துப் புட்டி விழுந்தது. "டார்ச் எங்க?" என்று கத்தினேன். அதுவும் அபோலோசி வீட்டில் இருந்தது. முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன். "டேய், இன்னொரு தடவை கேளு!"

"மன்னிப்பியா மச்சான்?" ஏறியது.

"இன்னொரு தடவை!"

இந்த ஊரில் ஒரே உட்காரலில் ஒன்பது முறை மன்னிப்பு வாங்கிய ஆள் அபோலோசி ஒருவன்தான். ஐந்தாவது தடவையிலிருந்து அழுதுகொண்டே கேட்டான். நானும் அழுதேன், நர்ஸ் அழக்கூடாது என்றாலும்.

திங்களன்று பெரியவர்கள் அந்த நகக்கண் அளவைப் பார்த்தார்கள். கோல் செமேசா கையிலேயே நின்றது. அன்று பிற்பகல் அபோலோசி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கத்தி, சட்டி, மூடி, பாய், விளக்கு, வலை, ரேடியோ, டார்ச், எல்லாம் துடைத்து வைத்திருந்தது. மூன்று நடை வந்தான், வீங்கின காலோடு.

"என்னடா இது?" என்றேன்.

"நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, தினம் இருபது தடவை தூக்கணும்னு? கண்ணாடி முன்னால உக்கார மாட்டேன்னுட்டான். மச்சான் கேட்டா தூக்காம இருப்பானா?"

திருடன் என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி அறிக்கையில் 'ஸ்டீராய்டு, பன்னிரண்டு நாள், முன்னேற்றம்' என்று மட்டும் எழுதினேன். மச்சானை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

கெலேரா சாமான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "சிஸ்டர், என் சிவப்புக் கோழி எங்கன்னு கேளுங்க."

"கோழி எங்கடா?"

அபோலோசி கடலைப் பார்த்தான்.

"தின்னுட்டியா?"

அவன் புருவம் இரண்டும் ஒன்றாக, எந்தக் குறையும் இல்லாமல் ஏறின.