கிள்ளிப் பிடிக்காத தோள்

1

இந்தக் கதையை ஹைதராபாத் கூகட்பள்ளியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில், குப்புறப் படுத்தபடி மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் ஹமாலியாக மூட்டை சுமந்த தோள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே நாற்பத்திரண்டு வயதில், கதை மெதுவாகத்தான் வரும்.

2

முதல் தொடக்கம்: இந்த கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் அஸ்வினி நல்ல பெண், யாரையும்...

(வேண்டாம். நம்பமாட்டீர்கள்.)

இரண்டாவது: அஸ்வினிக்கு வயிறு எரிந்தது. தசைமுடிச்சில் மருந்தில்லாத மெல்லிய ஊசி இறக்குவதை அவள் ஓராண்டு படித்தவள். நுரையீரல் எதுவரை ஏறி நிற்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பழகியவள். பக்கத்து அறை மனோஜ் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி மையத்துக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு போய்வந்து சான்றிதழை மாட்டினான். கூட்டமெல்லாம் அவன் அறைக்கு.

"நீங்க ஒருத்தரை முடிக்கறதுக்குள்ள நான் மூணு பேரை அனுப்பிடுவேன்க்கா."

"எங்க அனுப்புறேங்கிறதுதான் மனோஜ் என் பயம்."

"ஜலோ நக்கோக்கா, எரியாதீங்க! பொறாமை உடம்புக்கு ஆகாது."

முதலாளி நீலா மேடமும் அதையேதான் கேட்டார்: "அவன் மேல உனக்கு என்னம்மா காண்டு? இன்னொரு தடவை புகார் சொன்னா வேற இடம் பாத்துக்கோ."

3

இன்று மனோஜின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது; அஸ்வினி வாசலில் நின்று பார்த்தாள். கட்டிலில் ஓர் ஒல்லி ஆள். போன வாரம்வரை அவளிடம் வந்தவன். தோளில் குத்துமுன் சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊசி நுரையீரலைத் தொட்டுவிடும். மனோஜின் ஒரு கையில் ஊசி, மறு கையில் போன்.

ஒரு கணம் அஸ்வினி நினைத்தாள்: குத்தட்டும். அப்போது தெரியும் எல்லாருக்கும்.

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன், திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்னைவிட லேசாக மூட்டை தூக்கியவன் வழுக்கட்டும் என்று நானும் பார்த்து நின்றவன்தான்.)

4

முடிவு ஒன்று: "நிறுத்து!" என்கிறாள். வேலை போகிறது.

முடிவு இரண்டு: தன் அறைக்குத் திரும்பி...

எழுத வரவில்லை. அந்த ஒல்லி ஆள் நான்தான். அவளிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இங்கே வந்து படுத்தேன். கட்டிலில் முகம் வைக்கும் துளை வழியே தரை தெரிகிறது. வாசலில் அவள் செருப்பு தெரிகிறது. அது உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

"ஆடாதீங்க பெரியவரே, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

என் தோளை யாரும் கிள்ளவில்லை.

நானே கத்தலாம். அவளை விட்டு வந்த வெட்கம் வாயை அடைக்கிறது. உங்களுக்கு அப்படி வெட்கம் ஒன்றும் இல்லையே, நீங்கள் கத்தலாமே?