நஞ்சுண்டனின் கா

வான்மதி ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனதும் நஞ்சுண்டன் வாயை இறுக்கிக்கொண்டார்.

"ஒரு வாய் குடிங்க. நேத்திருந்து ஒண்ணுமே உள்ள போகலைங்க."

அவர் பார்வை அவளைத் தாண்டி ஜன்னலோர நாற்காலிக்குப் போயிற்று. "அவனுக்குக் குடு."

நாற்காலியில் யாரும் இல்லை. மூன்று நாளாக இதே பேச்சு. கடைசி நாட்களில் அப்படித்தான், ஆள் இருப்பதுபோலத் தெரியும் என்று, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் நர்ஸ் சொல்லியிருந்தாள். யார் தெரிகிறார் என்று அவள் கேட்கவில்லை. வான்மதி கேட்டாள்.

"நான்தான்," என்றார்.

எடிசன் நகரில் முப்பது வருடம் பாலங்களுக்குக் கணக்குப் போட்டவர், ரிடையர் ஆனதும் பழைய எகிப்து எழுத்தைப் படிக்க உட்கார்ந்தார். கடைசியில் ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டார். கா. முழங்கை மடித்து உயர்த்திய இரண்டு கைகள்தான் அதன் எழுத்து. உயிர்ச்சக்தி என்று பொருள். கூடப் பிறந்த இரட்டை என்றும் சொல்வார்கள். குயவத் தெய்வம் குழந்தையை வனையும்போதே அதே சாயலில் அதையும் வனைந்துவிடுமாம். சோறும் நீரும் அதற்கும் வைக்க வேண்டுமாம். ஒருவன் இறந்தால், தன் காவிடம் போய்விட்டான் என்பார்களாம். ஈஜிப்ட் என்ற பெயருக்குள்ளேயே அந்தக் கா ஒளிந்திருக்கிறது என்று ஒருநாள் அவர் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தபோது, "ரசம் ஆறுதுங்க" என்று வான்மதி வாயை அடைத்துவிட்டாள்.

பாஸ்டனிலிருந்து வந்திருந்த மகள் அதிதி கதவோரம் நின்றாள். "ஜஸ்ட் கிவ் இட், அம்மா. வாட்ஸ் த ஹார்ம்?"

"குடுத்தா போயிருவாருடி."

அதிதி உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கைகள் எழுந்தன. ஒரு வாரமாக விரலைக்கூட அசைக்காத கைகள். முழங்கை மடிந்து, உள்ளங்கை விரிந்து, நடுக்கமே இல்லாமல் நின்றன. வான்மதி பிடித்து இறக்கப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ பிடித்திருப்பதுபோல அவை இசையவில்லை.

அவள் விட்டுவிட்டாள். தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலியின் முன்னே போய் நின்றாள். என்னவென்று கூப்பிடுவது?

"குடிங்க," என்றாள், அவரிடம் சொல்வதுபோலவே.

முதுகுக்குப் பின்னால் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். கணவரின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கைகள் மெல்ல நெஞ்சில் வந்து படிந்தன. அடுத்த மூச்சுக்குத் தாயும் மகளும் காத்திருந்தார்கள். வரவில்லை.

இருட்டுவதற்குள் ஃப்யூனரல் ஹோம் ஆட்கள் வந்து ஸ்ட்ரெச்சரில் எடுத்துப்போனார்கள். வெளியே பனி பொழிந்துகொண்டிருந்தது. வண்டியின் பின்கதவு இன்னும் திறந்திருந்தது. வான்மதி வாசல் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா, க்ளோஸ் த டோர். இட்ஸ் ஃப்ரீஸிங்."

"இருடி."

குறுகலான வழியில் ஆள் கடக்கும்போது ஒதுங்குவதுபோல, புடவையைக் கூட்டிப் பிடித்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.