மான் சாமி தங்கிய வீடு

எங்கள் நாரா ஊரில் மானை அடித்தால் தலை போய்விடும். மான் மனிதனை முட்டினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். முட்டுப்பட்டவன் எதற்குக் குறுக்கே போனான் என்றுதான் கேட்பார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் மான் சாமியின் சுருள் ஓவியம் என் தம்பி வீட்டு முறைக்கு வந்திருந்தது. எங்கள் தெருவில் அது வருடத்துக்கு ஒரு வீட்டில், இலையுதிர் காலப் பூசை முடியும்வரை தங்கும். சிவந்த மேப்பிள் மரத்தடியில் நின்று திரும்பிப் பார்க்கும் கலைமான். முன்னறை மாடத்தில் தொங்கவிட்டு, எதிரே சோறும் சாக்கே மதுவும் வைத்திருந்தோம். தம்பி துணி விற்க ஒசாகா போயிருந்தான். வீட்டில் நானும் அவன் மனைவி ஒதாகியும் அவர்கள் மகள் நுயியும்தான்.

அது கலைமான்களுக்கு வெறி பிடிக்கும் பருவம். வெளுத்த துணியை உலர்த்தப் போன இடத்தில், ஒதாகியின் கண் முன்னாலேயே ஒரு மான் நுயியின் வயிற்றில் கொம்பைச் செருகிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை.

மறுநாளே தெருப் பெரியவர் ஜின்னாய் வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார், அதை மறுக்க முடியாது. பழத்தை வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

“புள்ளைய விறகுக் கொட்டகைக்கு மாத்திடும்மா. சாமி இருக்கிற வீட்ல உயிர் போச்சுன்னா தீட்டு.”

“அப்போ படத்தை உங்க வீட்டுக்குக் கொண்டுபோங்களேன்,” என்றேன்.

“பூசைக்கு முன்னாடி கழட்டுறதா? தெருவுக்கே ஆகாது.”

“குளிர்ல போட்டா ஒரே நாள்ல போயிடுவா, பெரியவரே,” என்றாள் ஒதாகி. “எம்புள்ள சாகமாட்டா. இங்கயே கெடக்கட்டும்.”

அவர் யோசித்தார். பிள்ளை பிழைத்தால் தொல்லை இல்லை என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு தினமும் பொழுது சாய்கையில் வாசலுக்கு வந்து நின்று குரல் கொடுப்பார்.

“மூச்சு இருக்கா?”

வலி எப்படி இருக்கிறது, கஞ்சி குடித்தாளா, ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பூசைக்கு முதல் நாள், அவர் வருவதற்குச் சற்று முன்னால், நுயி போய்விட்டாள். தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. ஒதாகி தன் சட்டைக் கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள்.

“மூச்சு இருக்கா?”

ஒதாகி சட்டைக் கையை வாயிலிருந்து எடுத்தாள்.

“இருக்கு, பெரியவரே. தூங்குறா.”

அவர் போனதும் என்னைப் பார்த்தாள். “சொன்னா இப்பவே கொட்டகைக்கு இழுத்துட்டுப் போவாங்க, அக்கா. இன்னிக்காவது எம்பக்கத்துல கெடக்கட்டும்.”

மறுநாள் தெருவே வந்தது. உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் நெற்றி பாயில் படும்படி மானை வணங்கினார்கள். கஷ்கொட்டைச் சோறு சாப்பிட்டார்கள். ஒதாகி ஒவ்வொருவருக்கும் மது ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் ஜின்னாய்க்கு முகம் மலர்ந்தது.

“பாத்தியாம்மா? பூசை முடியிறவரைக்கும் சாமி உசுரைப் புடிச்சு வச்சுட்டாரு! நீ என்னமோ பயந்தியே.”

ஒதாகி மதுக்குடுவையைக் கீழே வைத்தாள்.

“நேத்தே போயிட்டா, பெரியவரே. நீங்க வாசல்ல நின்னு கேட்டப்பவே மூச்சு இல்ல. கொட்டகைக்கு இப்போ உங்க மானைத் தூக்கிட்டுப் போங்க.”

கிண்ணங்கள் உருண்டன. ஒருவர் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். ஜின்னாய் பதறிப்போய் ஓவியத்தைக் கழற்றிச் சுருட்டினார். நான் கதவை அகலத் திறந்துவிட்டேன். உள்ளே பிள்ளை கிடந்தாள். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே எங்களை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். பிணம் தூக்க ஆள் வரவில்லை. நாங்கள் இரண்டு பெண்களும் தூக்கிக்கொண்டு போனோம். சுடுகாட்டுப் பாதையில் ஒரு கலைமான் குறுக்கே நின்றது. மான் வந்தால் மனிதர்கள் தலைகுனிந்து ஒதுங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். பழக்கதோஷத்தில் என் தலை குனிந்தது.

ஒதாகி நிற்காமல் நடந்தாள். மான்தான் ஒதுங்கியது.