குமிழி நிற்கக் கூடாது

பலூனைக் கையிலிருந்து விட்டது நான்தான். கடலடி மணலில் முட்டி போட்டிருந்தோம். முக்குளிக்கக் கற்றுத்தருகிற டீச்சர் தன் சிலிண்டர் காற்றையே அதில் அடைத்து, முடிச்சுப் போட்டு, என் கையில் கொடுத்து, விடு என்று சைகை காட்டினாள். மஞ்சள் பலூன். மேலே போகப் போகப் பருத்தது. யாரும் ஊதாமலே பருத்தது. வெளிச்சம் ஆடுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே போனதும் கிழிந்து, நூல்நூலாக இறங்கி வந்தது.

படகில் ஏறியதும் சொன்னாள். “அது பலூன் இல்லண்ணே, உங்க நெஞ்சு. கீழ இழுத்த காத்தை அடைச்சு வச்சுக்கிட்டு மேல வந்தீங்கன்னா அதே கதிதான். பயமுறுத்தறதுக்குச் சொல்லல.”

பயமுறுத்துவதற்கு இல்லையாம். அன்று சோறு இறங்கவில்லை.

அவள் எங்கள் ஆள்தான், ஆனால் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். வயதில் என் கடைசித் தங்கைக்கும் சின்னவள். நான் டீச்சர் என்பேன், அவள் அண்ணே என்பாள். எனக்கு முன்னால் இதே பயிற்சியை முடித்தவன் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டு, இப்போது எனக்குத் துணைக்கு என்று சொல்லிக்கொண்டு படகில் வந்து படுத்துக்கிடக்கிறான்.

ஊரை விட்டு வந்து கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் சேர்ந்ததிலிருந்து எனக்குத் தொட்டி வேலைதான். கப்பலின் எண்ணெய்த் தொட்டி காலியானதும் உள்ளே இறங்கி, அடியில் தங்கின சேற்றை வழித்து வாளியில் நிரப்ப வேண்டும். வாளி நிரம்பினால், “ஏத்தூஊஊ” என்று கத்த வேண்டும். மேலே இருப்பவனுக்குக் கீழே எதுவும் தெரியாது, குரல்தான் கணக்கு. தொட்டியில் இன்னொரு சட்டமும் உண்டு. திடீரென்று வேறு வாசனை அடித்தாலோ, அடித்த வாசனை சட்டென்று இல்லாமல் போனாலோ விஷக்காற்று என்று அர்த்தம், மூச்சை அடை, ஏணியைப் பிடி. பேசாதே, கூப்பிடாதே.

தங்குகிற கொட்டகையில் பக்கத்துக் கட்டில்காரரும் நானும் ஒன்றாக இறங்கினோம் ஒரு நாள். வாசனை நின்றது இருவருக்கும்தான் தெரிந்தது. நான் மூச்சை அடைத்து ஏணியைப் பிடித்தேன். அவர் என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டு முடிக்கவில்லை. கயிறு போட்டு அவரைப் பிணமாக மேலே தூக்கும்போது என் மூச்சு அடைத்தபடியே இருந்ததாம், கன்னத்தில் அறைந்துதான் விட வைத்தார்களாம்.

அதற்குப் பிறகு தொட்டி வாய் வரை போய்விட்டு, ஏணியில் கால் வைக்காமல் திரும்பிவிடுவேன். அந்த நேரத்தில்தான் மேஸ்திரி சொன்னார், கப்பலின் அடிவயிற்றைத் தண்ணீருக்குள் சுரண்ட ஆள் எடுக்கிறார்கள் என்று.

“முதல்ல முக்குளிக்கிற சர்டிஃபிகேட் வாங்கணும். வாங்கினா தண்ணிக்கு. வாங்கலைன்னா திரும்பத் தொட்டிக்கு. எனக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு பக்கமும் ஆள் வேணும்.”

எனக்குத் தண்ணீர் என்றால் ஆசை கிடையாது. தொட்டி வேண்டாம், அவ்வளவுதான்.

மற்றதிலெல்லாம் எப்படியோ தேறினேன். தண்ணீருக்குள் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது, வாய்க்குழாய் நழுவினால் தடவிப் பிடிப்பது, எல்லாம். எழுத்துப் பரீட்சையைக்கூட எழுத்துக் கூட்டிக் கூட்டி, எல்லோரும் போய் நாற்காலியை மடக்குகிற வரை உட்கார்ந்து முடித்தேன். பாக்கி நின்றது ஒரே பாடம். காற்று தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடியிலிருந்து மேல்மட்டம் வரை ஒரே மூச்சை விட்டுக்கொண்டே நீந்தி வர வேண்டும். வாய்க்குழாய் வாயிலேயே இருக்கும். ‘ஆ’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தால் காற்று தானாகப் போகும், நெஞ்சுக்குள் அடைபட்டுப் பருக்காது. டீச்சர் என் சட்டைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். என் வாயிலிருந்து வரும் குமிழியையே பார்த்துக்கொண்டு வருவாள். குமிழி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுவாள்.

முதல் தடவை, மணலை விட்டுக் கால் எழும்பியதுமே தொண்டை பூட்டிக்கொண்டது. நிறுத்தினாள். இரண்டாம் தடவை, ‘ஆ’ என்று ஆரம்பித்தேன். பாதி தூரம்கூட இல்லை, காலுக்குக் கீழே இருட்டு, தலைக்கு மேலே வட்டமாக வெளிச்சம். தொட்டி வாய் அப்படித்தான் இருக்கும் அடியிலிருந்து பார்த்தால். உடம்பு என்னைக் கேட்கவே இல்லை. அடைத்துவிட்டது.

படகில் ஏறி உட்கார்ந்தோம்.

மச்சான் எழுந்து உட்கார்ந்தான். “எனக்குத் தெரியும் மாமா இது எங்கேர்ந்து வந்த பழக்கம்னு. அக்கா திட்ட ஆரம்பிச்சா நீங்க மூச்சே விடமாட்டீங்க.”

“வாயை மூடுடா.”

“நீங்க திறங்க, நான் மூடறேன்.”

டீச்சர் சிரிப்பை அடக்கினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை கூட்டிட்டுப் போறேன். அதுலயும் அடைச்சீங்கன்னா இத்தோட நிறுத்திக்குவோம். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பி, நீங்க அங்க தனியா அடைச்சுட்டு மேல வந்தீங்கன்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

“நிறுத்தினா எனக்குத் தொட்டிதான் டீச்சர்.”

“தெரியும். இவர் சொன்னாரு.”

மச்சான் என் சிலிண்டர் வாரை மறுபடி மறுபடி இழுத்துச் சரிபார்த்தான். அவனும் பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. அது எனக்கு உதவவில்லை.

மூன்றாம் தடவை இறங்கினோம். காது அடைத்து அடைத்துத் திறந்தது. அடியில் அதே மணல். அவள் பட்டையைப் பிடித்தாள், என் கண்ணைப் பார்த்தாள், கட்டைவிரலை மேலே காட்டினாள். மூச்சை இழுத்தேன். எழும்பினேன்.

‘ஆ’ வந்தது. மெல்லிசாக வந்தது. குமிழி முகத்தில் உரசிக்கொண்டு போனது. கீழே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டேன், மேலே பார்த்தேன், வட்ட வெளிச்சம். ‘ஆ’ நின்றுவிட்டது.

பட்டையில் அவள் பிடி இறுகுவது தெரிந்தது. நெஞ்சுக்குள் ஏதோ பருக்கிற மாதிரி இருந்தது. உண்மையா பிரமையா தெரியாது, மஞ்சளாக ஒன்று பருத்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தால் செத்தேன் என்றது உடம்பு. திறக்காவிட்டால் செத்தாய் என்றது புத்தி. இரண்டும் என் குரலிலேயே பேசின.

வட்ட வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நான், மேலே வாய், நடுவில் தூக்கவேண்டிய பாரம். என்ன கத்த வேண்டும் என்று யோசிக்கவில்லை. குழாயைப் பல்லால் கடித்தபடியே, “ஏத்தூஊஊஊ” என்று கத்தினேன்.

குமிழி கொத்தாகப் போனது. அவள் பிடி இறுகியது இறுகியபடியே நின்றது, ஆனால் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. அந்த ‘ஊ’வை இழுத்துக்கொண்டே போனேன். மேலே வாளியை இழுப்பவன் காதில் விழுகிற வரை விடக் கூடாதே, அந்தப் பழக்கம். நெஞ்சு காலியாகிவிட்டது என்று நினைத்தால் மேலே போகப் போக இன்னும் காற்று இருந்தது. அவள் சொன்னபடியே இருந்தது. பயம் மட்டும் குறையவே இல்லை, அதுவும் கூடவே ஏறி வந்தது.

தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. டீச்சர் என் மிதவைச் சட்டையை ஊதிவிட்டாள். படகின் விளிம்பில் மச்சான் இரண்டு கையையும் ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

“மாமா, இங்க வரைக்கும் கேட்டுச்சு,” என்றான். பொய். தண்ணீருக்குள் கத்தியது எப்படிக் கேட்கும்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னாள். “பாஸ்ண்ணே. சர்டிஃபிகேட் எழுதிடறேன்.”

நான் தலையாட்டினேன். நெஞ்சு வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது.

“அண்ணே,” என்றாள் அவள், குரல் மாறி. “போதும். இப்ப இழுங்க.”

அப்போதுதான் தெரிந்தது, மேலே வந்த பிறகு இன்னும் மூச்சு இழுக்கவில்லை என்று. குழாயைத் துப்பினேன். உப்பு வாசனை, படகு எஞ்சின் புகை வாசனை. வாசனை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். இருந்தது. அப்படியும் முதல் மூச்சைக் கொஞ்சமாகத்தான் இழுத்தேன்.