பின்னால் திருப்பக் கூடாது

என் தறி இருந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது. பாலியோ 1.6. அந்த 1.6-ஐச் சொல்லாமல் விட்டால் என் வீட்டுக்காரர் காசிநாதனுக்குக் கோபம் வந்துவிடும். பார்க்கச் சின்ன வண்டிதான், உள்ளே இருக்கிற இன்ஜின் பெரிசு, அந்தக் காலத்தில் பெரிய பெரிய கார்களையே ஓரங்கட்டிய வண்டி என்பார். இப்போது அது வருவதில்லை. முசரவாக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் கோழி அடைந்துகொண்டிருந்ததை மூன்று வருஷத்துக்கு முன்னால் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், சந்துப் பக்கமாகத் தறிக்கொட்டகை. அதில் இரண்டு தறி. ஒன்று அவருடையது. இன்னொன்று பிள்ளையார்பாளையத்திலிருந்து என் அப்பா எனக்குச் சீர்வரிசையாக அனுப்பியது. பதினாறு வருஷம் அதில் நெய்தேன். கடைக்காரர் சேலையை விரித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சங்கரி தறிதான?" என்று கேட்பார். காசிநாதன் சேலைக்கு யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கார் வந்ததும் என் தறி போனது. தறியில் உட்கார்ந்து கால் தொங்கவிடக் குழி இருக்கும் அல்லவா, அந்தக் குழிதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை இன்னும் ஆழமாக, நீளமாக வெட்டி, காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழியாக்கிவிட்டார். சந்துப் பக்கச் சுவரை இடித்து ஷட்டர் போட்டார். கழற்றிய தறியைத் திருப்புட்குழியில் அவர் தங்கை இளவரசி வீட்டு மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்.

"ஏங்க, உங்க தறியை எடுத்துட்டு அந்தக் குழியை வெட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நான் ஜக்கார்டுல நெய்யுறவன். நீ பொம்பள, பொழுதுபோக்குக்கு நெய்யுற. ரெண்டும் ஒண்ணா?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "வண்டி ஸ்டார்ட் ஆயி வெளிய போற அன்னிக்கே உன் தறி உள்ள வந்துடும். ஏகாம்பரநாதர் மேல சத்தியம்" என்றார்.

சாமி மேல் சத்தியம் என்றதும் நம்பிவிட்டேன். என்னை மாதிரி மடச்சி ஊரில் உண்டா?

அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நட்டும் போல்ட்டும் மண்ணெண்ணெயில் கழுவி, டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்தேன். கிழிந்த சீட்டை நான்தான் தைத்தேன். பெயிண்ட் என்ன நிறம் என்று அவர் ஒரு மாதம் குழம்பியபோது, சாயம் போட்ட அரக்குப் பட்டு நூலில் ஒரு சிட்டத்தைப் பெயிண்ட் கடைக்காரரிடம் கொடுத்து, இதே மாதிரி கலந்து கொடுங்கள் என்று சொன்னது நான். இன்றைக்கு எல்லாரும் அந்த நிறத்தைத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். வண்டி சீக்கிரம் வெளியே போக வேண்டும், என் தறி உள்ளே வர வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அவர் போனில் ஒரு குரூப் இருந்தது. பழைய வண்டிகளை வீட்டிலேயே பிரித்து மாட்டுகிற ஆம்பளைகள். வாரா வாரம் அதில் படம் போடுவார். என் கை விழுந்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் போடுவார். "ஒத்த ஆளா பண்றேன் தலைவா" என்பார். நான் பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கையோடு நிற்பேன். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துப் போகச் சொன்னவர், ஒரு ரப்பர் புஷ்ஷுக்காக அதே வாரம் இரண்டு தடவை சென்னைக்குப் போய்வந்தார்.

என் தறி போன மறுமாதமே, அவர் தறியில் கோர்வைக்குக் கூலிக்கு வந்துகொண்டிருந்த பொம்பளையை நிறுத்திவிட்டார். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். நெய்கிறவர் உடல் நாடாவை, அதாவது இழையை ஓட்டுகிற கட்டையைத் தள்ளுவார், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்டர் நாடாவைத் தள்ள வேண்டும். இழைக்கு இழை இரண்டு பேரும் சேர்ந்தால்தான் சேலை. அந்த இரண்டாவது ஆளாக என்னை உட்காரவைத்தார். வண்டி வெளியே போகிற வரைக்கும்தானே என்று உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை முசரவாக்கத்து மெக்கானிக் வேல்முருகன் வந்தான். வண்டியை முதன்முதலில் இவருக்குக் காட்டியவனே அவன்தான். கடைசி வேலையாக, இன்ஜினின் மேலையும் கீழையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற பல் வைத்த டைமிங் பெல்ட்டை மாட்ட வேண்டும், அதைக் கொண்டுவந்திருந்தான். நானே மாட்டித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னான். இவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வீடியோவில் குரூப்காரர்கள் பார்க்க, இவர் கையாலேயே மாட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டுமாம். பாதியில் போன் வந்து சந்துக்குப் போய்விட்டார். வேல்முருகன் என்னிடம் சொன்னான்:

"அக்கா, நான் கெளம்புறேன். அண்ணன் வந்தா மறக்காம சொல்லிடுங்க. இன்ஜினை முன்னால மட்டும்தான் சுத்தணும். மேல ஒரு குறி, கீழ ஒரு குறி இருக்குது. ரெண்டும் நேரா நிக்கணும். தாண்டிப் போச்சுன்னா மறுபடி முன்னாலயே சுத்தி வரணும். பின்னால மட்டும் திருப்பிடக் கூடாதுக்கா. பெல்ட் தொய்ஞ்சு பல்லு எகிறிடும். அப்பறம் வால்வு எறங்குற நேரத்துல பிஸ்டன் ஏறும். ரெண்டும் முட்டிக்கினு மொத்தமும் போயிடும்."

கேட்கும்போதே எனக்கு அவர் கை ஞாபகம் வந்தது. நாங்கள் பின்னால் திருப்பியே பழகியவர்கள். ஜக்கார்டில் பூவும் மயிலும் எப்படி விழ வேண்டும் என்பது மேலே தொங்குகிற துளை போட்ட அட்டைகளில் இருக்கிறது. ஒரு அட்டை தப்பினால் பூ கோணிவிடும். உடனே அட்டையைப் பின்னால் திருப்பி, போட்ட இழையைப் பிரித்து, மறுபடி முன்னால் வர வேண்டும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். காசிநாதன் கை இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே, "ஏங்க, அந்த பெல்ட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"என்னாடி பெல்ட்டு? மூணு வருசம் போல்ட் கழுவினதுல இன்ஜினியர் ஆயிட்டியா?" என்றார். "இன்ஜினைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசின, வெள்ளிக்கிழமை உன்னை கிட்டயே சேர்க்க மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர் கை பின்னால் போனால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவேன். வீடியோ முன்னால் அறைந்தாலும் வாங்கிக்கொள்வேன். என் தறிக்காக ஒரு அறை வாங்க மாட்டேனா?

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே இறங்கிவிட்டார். ஒன்பது மணிக்கு இளவரசி மாலையும் கேசரியுமாக வந்தாள். கையில் ஒரு துணிப்பை வேறு.

"அண்ணி, இதைப் பாருங்க" என்று ஒரு புடவையை எடுத்து விரித்தாள். கிளிப்பச்சை. நெசவு சுமார்தான், ஓரம் ஒரே சீராக இல்லை. "உங்க தறியில ஓடின பொடவை. எப்படி இருக்குது?"

எனக்குப் புரியவில்லை. "எந்தத் தறி?"

"என்னா அண்ணி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? போன ஆடியிலேயே அண்ணன் எங்களுக்கே குடுத்துட்டாரே. எங்க வீட்டுக்காரருதான் ஓட்டுறாரு. அண்ணன் சொல்லலையா?" அவள் உதட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. சொல்லவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நேராகக் கொட்டகைக்குப் போய் அவரிடம் கேட்டேன். அவர் வண்டி பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரத்தைக் கழற்றிய இடத்தின் வழியாக உள்ளே கையை விட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"அது சும்மாதான கெடந்துச்சு, பூச்சி அரிச்சிக்கினு" என்றார்.

"அப்ப எனக்கு?"

"ஒனக்கு எதுக்குடி தறி? நீ ஒன் தறிக்குப் போயிட்டா என் கோர்வைக்கு யாரு வர்றது? கூலி ஆள் வெக்கிறதா? சும்மா தொணதொணக்காம டார்ச்சைப் புடி. டைம் ஆவுது."

ஏகாம்பரநாதர் மேல் பண்ணிய சத்தியத்தைக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அழுகைகூட வரவில்லை. கார் வெளியே போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, நான் சாகிற வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சேலைக்கு நாடா தள்ள வேண்டும். அதைப் போன ஆடியிலேயே முடிவு பண்ணிவிட்டு, ஒரு வருஷமாக என்னைப் போல்ட் கழுவ வைத்துக்கொண்டிருந்தார்.

டார்ச்சை எடுத்துப் பிடித்தேன்.

புது பெல்ட் மாட்டியாகிவிட்டது, இன்னும் இறுக்கவில்லை. ஷட்டர் பக்கம் ஸ்டூலில் போனை நிறுத்தி வைத்திருந்தார். அதில் குரூப் தலைவர் சிவராஜும் இன்னும் ஏழெட்டு முகங்களும். காசிநாதன் ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைச் சுற்றினார். "குறி வந்தா சொல்லு" என்றார். நான் மேலே வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறி மெல்ல வந்தது. சரியாக நேருக்கு வரும்போது, "வந்துடுச்சு" என்றேன். அவர் கை நிற்பதற்குள் ஒரு பல் தாண்டிவிட்டது.

"தாண்டிடுச்சு" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கை தானாகப் பின்னால் திரும்பியது.

நான் பார்த்தேன். பெல்ட் ஒரு பக்கம் தொய்ந்தது, 'டிக்'கென்று ஒரு சின்னச் சத்தம். மேல் குறி நின்ற இடத்திலேயே நின்றது, கீழ் குறி மட்டும் சரியாக வந்து உட்கார்ந்துகொண்டது. கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தவள், டார்ச்சைக்கூட அசைக்கவில்லை.

"கீழ பக்காவா இருக்குது. மேல?" என்றார்.

"நீங்க பண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போனைப் பார்த்துச் சிரித்தார். அவர் எழுந்து ஒரே ஒரு தடவை மேலே பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். மணி பத்தாகிவிட்டது, பார்க்கவில்லை. பெல்ட்டை இறுக்கினார், மூடியைப் போட்டார், சக்கரத்தை மாட்டினார். இளவரசி பானெட்டுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது நான். பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆசைதான் அதிகம்.

பத்து இருபதுக்குச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தடவை உறுமியது. அந்த ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. அடுத்த நொடி உள்ளே பாத்திரக்கடை சரிந்த மாதிரி கடகடவென்று சத்தம். நின்றுவிட்டது. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே சத்தம். மூன்றாவது தடவை திருப்பும்போது, நிறுத்துங்கள் என்று போனிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"தலைவா, நெட் கட்டாவுது, அப்பறம் பேசுறேன்" என்றார் சிவராஜ். ஒவ்வொரு முகமாகப் போனிலிருந்து காணாமல் போனது.

பன்னிரண்டு மணிக்கு வேல்முருகன் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"பல்லு எகிறியிருக்குது. வால்வு எல்லாம் மடங்கியிருக்கும், பிஸ்டனும் அடி வாங்கியிருக்கும்" என்றான். "யாரு பின்னால திருப்பினது?"

காசிநாதன் என் பக்கம் கையை நீட்டினார். "இவதான். டார்ச்சு புடிச்சிக்கினு இருந்தா. குறியைத் தப்பா சொல்லித் தொலைச்சிட்டா. முண்டம், கண்ணு தெரியல."

வேல்முருகன் என்னைப் பார்த்தான். "அக்கா, நான் உங்ககிட்ட அவ்வளவு சொன்னேனே."

காசிநாதனுக்கு முதலில் புரியவில்லை. அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னா சொன்ன?"

"பின்னால திருப்பக் கூடாதுன்னு. பல்லு எகிறிடும்னு."

"ஒனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

"தெரியும்" என்றேன். "நீங்க திருப்பினதைப் பாத்தேன். பெல்ட்டு எகிறினதைப் பாத்தேன். மேல குறி தப்பி நின்னதையும் பாத்தேன். பாத்துக்கினுதான் வெளிச்சம் அடிச்சேன்."

இளவரசி "அடிப்பாவி" என்றாள். காசிநாதன் அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. என்னைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, தோளெல்லாம் குலுங்க அழுதார். எனக்குப் பாவமாக இல்லை. நல்லா அழு என்றுதான் இருந்தது.

கொட்டகைப் பக்கமே வரக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னார். திங்கட்கிழமை அவரே வந்து கூப்பிட்டார். கல்யாணச் சேலை, தேதி சொல்லி ஒப்புக்கொண்டது, கோர்வைக்கு ஆள் கிடைக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் உடல் நாடாவைத் தள்ளினார், நான் பார்டர் நாடாவைத் தள்ளினேன். உடனே கையை நிறுத்திவிட்டுக் குனிந்து, நான் போட்ட இழையை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த இழை, மறுபடியும் பார்த்தார். ஒரு நாளில் ஒரு முழம்கூட ஓடவில்லை. இப்போது தினமும் இப்படித்தான். ஒவ்வொரு இழைக்கும் என் முகத்தைப் பார்க்கிறார், நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு சேலைக்குப் பல்லாயிரம் இழை. எல்லாவற்றையும் பார்க்கட்டும்.