மூன்று நிறமும் சரியில்லை

பாத்திரம் தேய்க்கும் நாரை இன்னொரு முறை நனைத்துக்கொண்டு செக்கர் சுவரைத் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை. பச்சையும் போகவில்லை. சாம்பல் நிறம் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கரைந்து கீழே வழிந்து, முன்பு இருந்ததைவிட அசிங்கமாகிவிட்டது.

பின்னால் கட்டிலில் அக்கா கிடந்தார். உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செக்கரின் மனைவி அவருடைய வாயைச் சேர்த்து மூடி, தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டிருந்தாள். பல்வலி வந்து படுத்திருப்பவரைப் போலத்தான் இருந்தார் அக்கா.

"டாக்டர் வர்ற நேரம். நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"வர்றவங்க இதப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவுக்கு, மூன்று சதுரங்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு நேர் எதிரே.

"காலண்டர மாட்டுங்க."

"காலண்டர் ஒண்ணத்தான் மறைக்கும்."

"அப்ப பீரோவ நகத்துங்க."

பீரோவின் கால்களுக்கடியில் பழைய போர்வையைச் செருகி இருவருமாக இழுத்தார்கள், சத்தம் கேட்டால் அக்கா எழுந்துவிடுவார் என்பது போல. மூன்று சதுரங்களும் மறைந்தன. பாதி ஜன்னலும் மறைந்தது. அறை இருட்டடித்தது.

"ரூமே ஒரு மாதிரி ஆயிடுச்சு," என்றாள் மனைவி. அவர் ஈர நாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

இருபத்தாறு வருடமாகப் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் அவர். டிப்போவிலும் தெருவிலும் எல்லோருக்கும் செக்கர்தான். பஸ்ஸில் ஏறி நின்று ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதும், டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று சொல்லிவிடுவார். அவன் மட்டும் தேவையில்லாமல் ஜன்னல் வழியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்கும் கடையில் முப்பத்துநாலு வருடம் நூல் கவுன்டரில் நின்றவர். தையல்காரர் ஒரு விரல் அகலத் துணியை நீட்டினால், எண்ணூறு நூல்கண்டுக்குள்ளிருந்து அதற்கான ஒன்றை எடுத்துக் கொடுப்பார். "கறுப்புதானே, எதையாவது குடும்மா" என்று சொல்லிவிட்டு யாரும் அவரிடம் தப்ப முடியாது. "எந்தக் கறுப்பு? காக்காக் கறுப்பா, குடைக் கறுப்பா?" என்று நிறுத்தி வைத்துக் கேட்பார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாராவது ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கிழக்கு அறைக்கு வந்து அவரிடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், மூன்று வாரமோ நான்கு வாரமோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் செக்கரின் மகளுக்கு எட்டாவது மாதம். பிரசவம் முடிந்ததும் குழந்தையோடு இங்கேதான் வந்து தங்கப்போகிறாள். காலை வெயில் விழுவது இந்த ஓர் அறையில்தான். குளியலறையும் இதோடு சேர்ந்தே இருக்கிறது. பெயின்ட் மேஸ்திரி அடுத்த மாதம் முதல் வாரத்தை விட்டால் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவார், பிறகு நான்கு மாதத்துக்குக் கிடைக்க மாட்டார். எல்லாம் நியாயமான காரணங்கள். போன திங்கட்கிழமை மத்தியானம், அக்காவுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்த பிறகு, மேஸ்திரியை அறைக்குள் கூட்டி வந்தபோது செக்கர் அந்தக் காரணங்களையெல்லாம் மனதுக்குள் வரிசையாக ஒரு தரம் சொல்லிக்கொண்டார்.

மேஸ்திரி வாசற்படியிலேயே தயங்கினார். "படுத்திருக்காங்களே சார். அவங்க எந்திரிச்சப்புறம் பாத்துக்கலாமே."

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சத்தமில்லாம அடிச்சுட்டுப் போங்க."

மேஸ்திரி மூன்று நிறங்களை அடித்தார். நாலைந்து நாள் அப்படியே விட்டு வையுங்கள், காலையிலும் சாயந்திரமும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். மறுநாள் செக்கர் மனைவியிடம் கேட்டார். "அக்கா ஏதாவது சொன்னாங்களா?" "ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள். கண் அவ்வளவு தூரம் எட்டாது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்துகொண்டார்.

எட்டு மணிக்கு டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒன்பது மணிக்கெல்லாம் பட்டன் அக்கா வந்துவிட்டார். கடையில் பட்டன் கவுன்டரில் இருந்தவர், அக்காவுக்கு முப்பது வருடத்துச் சிநேகிதி. வாரம் தவறாமல் புதன்கிழமை பார்க்க வருகிறவர். கட்டில் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இறந்தவரின் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். சற்று நேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பீரோவைப் பார்த்தார். அது மறைத்திருந்த ஜன்னலையும் பார்த்தார். பிறகு செக்கரைப் பார்த்தார். செக்கர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

பத்தரை மணிக்கு வெளியூரிலிருந்து தங்கை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது. "இன்னும் ஒரு மாசம் இருக்குன்னுதானே அண்ணா சொன்ன? லீவு கேட்டு வச்சிருந்தேனே!" என்று அவர் தோளில் சாய்ந்தாள்.

மத்தியானம் வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேர் அறைக்குள் நுழைந்து அளவு பார்த்தார்கள். "இந்தப் பீரோ இருந்தா திருப்ப முடியாது," என்றார் ஒருவர். செக்கர் கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். வெளிச்சம் விழுந்தது. மஞ்சள், பச்சை, வழிந்து காய்ந்த சாம்பல்.

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோர் கண்ணும் சுவருக்குப் போனது.

"இது என்ன அண்ணா?" என்றாள் தங்கை.

டிக்கெட் இல்லாதவன் எப்படியும் ஒரு பதில் வைத்திருப்பான். செக்கருக்கும் வந்தது. "அக்காதான் கேட்டாங்க. படுத்தே கெடக்கறேன், சுவரு பாக்கவே நல்லால்ல, கலர் மாத்தலாமான்னு. அதான் சாம்பிள் அடிச்சுக் காட்டினேன். எது வேணும்னு சொல்றதுக்குள்ள…"

அங்கேயே நிறுத்தினார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் அக்காவுக்குக் கலர்தான்," என்றாள். "அதையும் செஞ்சு குடுக்க நெனச்சிருக்கியே அண்ணா."

அந்த வார்த்தை அறையை விட்டுக் கூடத்துக்குப் போனது, கூடத்திலிருந்து வாசலுக்குப் போனது. டிப்போ மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பி யாருக்குக் கெடைப்பான்?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர், சாகப்போகிற நேரத்தில் ஆசை கேட்டுச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று தன் மகனிடம் குத்தலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. செக்கர் அன்றைக்கு நிறையப் பேசினார். யாராவது சும்மா இருந்தால்கூட அருகில் போய் மருந்தைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் பேசினார். பட்டன் அக்கா இருந்த பக்கம் மட்டும் போகவில்லை.

எல்லாம் முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது மணி மூன்றரை. பின்பக்கக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே தனியாக நின்றிருந்த பட்டன் அக்காவிடம் போனார்.

"புதன்கிழமை வந்தீங்களே… அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"எதப் பத்தி தம்பி?"

"பொதுவா."

பட்டன் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூணுமே சரியில்லன்னாங்க," என்றார்.

குழாய் திறந்தே கிடந்தது. செக்கர் போய் மூடிவிட்டு வந்தார்.

"மேஸ்திரி வந்த அன்னிக்கு முழிச்சுதான் இருந்தாங்களாம். கண்ணத் தொறந்தா உங்களுக்குச் சங்கடமாப் போயிடுமேன்னு மூடிக்கிட்டே கெடந்தாங்களாம்."

திங்கட்கிழமை மேஸ்திரி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு, எப்போது வேலையை ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருந்தார். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, செக்கர் குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்: "ரெண்டு வாரம் விட்டு வாங்க. அதுக்குள்ள ரூம் காலியாயிடும்." அக்கா ஐந்தே நாளில் காலி செய்து கொடுத்துவிட்டார்.

"கோவமா இருந்தாங்களா?"

"இல்லன்னு சொன்னாங்க. எனக்குத்தான் கோவம். வேற எது நல்லாருக்கும்னு கேட்டேன், சொன்னாங்க. 'அவனா கேட்டா சொல்லு, நீயா சொல்லாத'ன்னாங்க."

செக்கர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்வாசலில் தங்கை வந்து நின்றாள். "அண்ணா, எல்லாருக்கும் காபி குடுத்தாச்சு, நீ மட்டும்தான் பாக்கி." வாய் தானாக மூடிக்கொண்டது.

ஐந்து மணிக்குப் பட்டன் அக்கா கிளம்பினார். தங்கை அவர் கையைப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள். "நீங்க புதன்கிழமைதோறும் வரணும். அக்கா இல்லன்னாலும் வரணும். அந்த ரூமுக்கு எந்தக் கலர்னு நீங்களே சொல்லுங்க, அண்ணன் அதையே அடிச்சுடும். அக்காவோட கடைசி ஆசையாச்சே."

"ம்," என்றார் பட்டன் அக்கா. படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினார். மாட்டிய வாரைக் கழற்றி, மறுபடியும் மாட்டினார். தனக்காகத்தான் நேரம் கொடுக்கிறார் என்று செக்கருக்குப் புரிந்தது. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்றால் தான் போகவே மாட்டோம் என்பதும் தெரிந்திருந்தது.

"அக்கா எந்தக் கலர் சொன்னாங்க?" என்றார்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். "சொல்றதுக்குள்ள போயிட்டாங்கன்னு சொன்னியே?"

"நான் பொய் சொன்னேன். அக்கா எதுவும் கேக்கல. பொண்ணும் கொழந்தையும் வந்து இருக்கறதுக்காக நான்தான் ஆள் வச்சு அடிச்சேன். அக்கா தூங்குறாங்கன்னு நெனச்சு."

"எப்ப?"

"திங்கக்கெழம."

தங்கை விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தாள். "அன்னிக்குச் சாயந்திரம் ஃபோன்ல பேசினோமே. நான் ஒடனே கெளம்பி வரட்டுமான்னு கேட்டதுக்கு, இப்ப வேணாம், அடுத்த மாசம் வான்னியே."

செக்கர் தெருப் பக்கம் பார்த்தார். தங்கை உள்ளே போய்விட்டாள்.

பட்டன் அக்கா எழுந்து நின்றார். "வெங்காயத்தோல்," என்றார். "வெளித்தோல் இல்ல, உள்தோல். லேசா சிவப்பு ஓடுமே, அது. பச்சக் கொழந்த இருக்கற ரூமுக்கு மஞ்சள் அடிக்கக் கூடாதாம். கொழந்தைக்குக் காமாலை வந்தா தெரியாமப் போயிடுமாம். பச்சை அடிச்சா சோகை புடிச்ச மாதிரித் தெரியுமாம், பெத்தவ பயந்துடுவாளாம். சாம்பல் வேணவே வேணாமாம்." சொல்லிவிட்டுப் படியிறங்கித் திரும்பினார். "யாருக்காக அடிக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் யோசிச்சு வச்சிருந்தாங்க தம்பி. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவர் தெருமுனை திரும்பும்வரை செக்கர் படியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவி, கண்ணாலேயே கிழக்கு அறையைக் காட்டினாள்.

தங்கை அங்கே அக்காவின் படுக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையணை உறையைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். துவைக்கப் போட வேண்டியதை ஒரு பக்கமும், மடிக்க வேண்டியதை ஒரு பக்கமுமாகப் பிரித்திருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பெரிய போர்வையை எடுத்து உதறினாள். அகலமான போர்வை, ஓர் ஆளாக மடிக்க வரவில்லை. இரண்டு முறை முயன்றாள், நுனி தரையில் புரண்டது.

செக்கர் குனிந்து அந்த நுனிகளை எடுத்தார். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. இருவரும் இழுத்துப் பிடித்தார்கள், பாதியாக மடித்தார்கள், இன்னொரு பாதியாக மடித்தார்கள். பிறகு அவர் தன் பக்கத்து முனைகளோடு அவளை நோக்கி நடந்து வந்து நீட்டினார். அவள் அவருடைய விரல்கள் படாத இடமாகப் பார்த்துப் பிடித்து, போர்வையை வாங்கிக்கொண்டாள்.